நல்லாசிரியர் விருதும் ஸ்பைரல் பைண்டிங்கும்

14.7.2024, ஞாயிறு

கேள்வி, பெங்களூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இந்த இணைய இழையில போட்டது: "நம்ம ஸ்கூல்ல படிச்ச பத்துப் பேர் சேர்ந்து வருஷா வருஷம் செப்டம்பர் 5ல ஒரு ஆசிரியருக்கு விருது தரலாம்னு இருக்கோம். 10,000 ரூபாய், ஒரு ஷீல்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அந்தப் பக்கம் ஆந்திராவுல நகரி, மூணு பக்கத்து ஸ்கூலையும் சேர்த்துக்கலாம். விண்ணப்பம் எப்படி வாங்கறது? படிவம் மாதிரி யார்கிட்டயாவது இருக்கா?"

இருக்கு. என்கிட்ட இருபது வருஷத்துப் படிவம் இருக்கு. ஆனா தர மாட்டேன்.

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிடிபி, லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். ஸ்கூல் திறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா ரெண்டு மூணு டீச்சர், சார் கட்டைப்பையோட வருவாங்க. பையில என்ன இருக்கும்னு பார்க்காமலே சொல்வேன். மரக்கன்று நடுற போட்டோ, தேசியக் கொடி ஏத்துற போட்டோ, பேப்பர் கட்டிங் (அதுல அவர் தலை மட்டும் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டிருக்கும்), ஊராட்சித் தலைவர் கொடுத்த பாராட்டுக் கடிதம், ரத்த தானச் சான்றிதழ். "தம்பி, கொஞ்சம் நல்லா எடுப்பா வர்ற மாதிரி பண்ணிக் கொடு"ம்பாங்க. நான் பார்டர் போட்டு, தலைப்புக்கு நிழல் விட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட் வெச்சு பைண்ட் பண்ணித் தருவேன். ஒரு ஃபைலுக்கு நானூறுல இருந்து எழுநூறு வரைக்கும் ஆகும்.

அந்த ஊராட்சித் தலைவர் கடிதத்தையும் பாதி நேரம் நான்தான் டைப் அடிப்பேன். அவர் கையெழுத்து மட்டும் போடுவார்.

விண்ணப்பம் கேட்டீங்கன்னா உங்களுக்கு ஃபைல்தான் வரும். என் கடைக்கு வியாபாரம் ஆகும், அது வேற.

15.7.2024

காலையில எழுந்து பார்த்தா ஆறு பேர் திட்டி வெச்சிருக்காங்க. நல்லாசிரியர் விருது வாங்கினவங்களை அசிங்கப்படுத்துறேனாம்.

இல்ல சார். என் கடையில ஃபைல் போட்டவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு நாலு பேருக்கு மாநில விருது கிடைச்சுது. அதுல ரெண்டு பேருக்கு ரெண்டு தடவை கொடுத்தாலும் தகும். ஒருத்தர் விடுமுறையில ஸ்கூல் சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடிச்சவர். ஆனா அவர் ஃபைல்ல அந்தச் சுவர் இல்ல. "அதெல்லாம் எதுக்குப்பா"ன்னுட்டார். நான்தான் வற்புறுத்தி ஒரு போட்டோ எடுத்துவரச் சொல்லி ஒட்டினேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். ஒரு வருஷம் ஒருத்தருக்காக "ஐந்நூறு மரக்கன்றுகள் நட்டு வளர்த்து வருகிறார்"னு அடிச்சேன். அந்த ஸ்கூல் எனக்குத் தெரியும். ரெண்டு வேம்பு, ஒரு புங்கன். விரல் கொஞ்சம் தயங்குச்சு, அப்புறம் அடிச்சுட்டேன். காசு வாங்கிட்டேன். அவருக்கு விருது கிடைக்கல, அது வரைக்கும் நிம்மதி.

15.7.2024, இரவு

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தேசிய விருது 1958ல ஆரம்பிச்சது. இப்போ வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 50,000 ரூபாய். நம்ம மாநிலத்துல டாக்டர் ராதாகிருஷ்ணன் பேர்ல தர்றதுல 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். தேசிய விருது வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல தர்றாங்க.

16.7.2024

மேல எழுதினது தப்பு. முந்நூறுக்கு மேலங்கிறது பழைய கணக்கு. 2018ல விதியை மாத்தி ஐம்பதுக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. அந்த வருஷம் 45 பேர்தான். அதே வருஷத்துல இருந்து ஆசிரியரே ஆன்லைன்ல தன் பேரைத் தானே போடலாம். அதுக்கு முன்னாடி மாநில அரசு சிபாரிசு பண்ணணும்.

தன்னைத் தானே சிபாரிசு பண்றதான்னு முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ராத்திரி படுத்து யோசிச்சா அப்படித் தோணல. பழைய முறையில ஆபீஸ்ல யாராவது உங்களைப் பத்தி நல்லா நினைக்கணும். மலையடிவாரத்துல ஈராசிரியர் பள்ளியில இருக்கிறவங்களை ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்? தானே போட்டுக்கிறது வெட்கம் கெட்ட வேலைதான், ஆனா கதவாவது திறந்திருக்கு.

தகுதி: பத்து வருஷம் முறையான பணி. டியூஷன் எடுக்கக் கூடாது. ஒப்பந்த ஆசிரியருக்குக் கிடையாது.

கடைசி வரியைப் படிச்சதும் இங்க ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: "அப்போ நான் எதுல சேர்த்தி?" பள்ளி மேலாண்மைக் குழு வழியா எடுத்த தற்காலிக ஆசிரியை அவங்க. இடைநிலைக்கு மாசம் 12,000. நம்ம பக்கத்துல எத்தனை ஒண்ணாங்கிளாஸ் அவங்க கையில நடக்குதுன்னு எண்ணிப் பாருங்க. நம்ம விருதுல இந்த விதி வேண்டாம். பெங்களூர்க்காரர் இதைக் குறிச்சு வெச்சுக்கணும்.

21.7.2024

கடை கவுண்டர்ல ஒரு நூறு பக்க நோட்டு வெச்சேன். "உங்களுக்கு மறக்க முடியாத ஆசிரியர் யார்? எந்த வகுப்பு? ஏன்?" ஒரு வாரத்துல முப்பத்தெட்டுப் பேர் எழுதினாங்க. ஆந்திராப் பக்கத்து ஆளுங்க தெலுங்குலயே எழுதினாங்க, எனக்குப் படிக்க வரும்.

பத்தாங்கிளாஸ் கணக்கு சாருக்குப் பதினொண்ணு. பி.டி. சாருக்கு ஆறு. (அடி வாங்கினவங்கதான் ஆறு பேரும், விசாரிச்சுட்டேன்.) இங்கிலீஷ், சயின்ஸ், பிளஸ் டூ, டியூட்டோரியல் சார்னு மீதி. ஒருத்தர் டிரைவிங் ஸ்கூல் ஓனர் பேரை எழுதியிருக்கார்.

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பேர் ஒண்ணு கூட இல்ல. ரெண்டாம் வகுப்பும் இல்ல. மூணாம் வகுப்புக்கு ஒரே ஒரு ஓட்டு, அதைப் போட்டது அந்த டீச்சரோட பையன்.

முதல் ஓட்டு என்னோடது. கணக்கு சார்.

21.7.2024, இரவு

தூக்கம் வரல, அதனால எழுதறேன்.

எங்க வீட்டுல தெலுங்கு. 1983ல ஒண்ணாங்கிளாஸ் சேரும்போது எனக்குத் தமிழ்ல தெரிஞ்சது பஸ் கண்டக்டர் பேசுறது மட்டும்தான். கிளாஸ்ல பாதிப் பேர் என்னை மாதிரி. டீச்சர் அரக்கோணத்துப் பக்கம், அவங்களுக்குத் தெலுங்கு வராது. அ போட்டு அம்மா படம் போட்டாங்க. அதுல பிரச்சினை இல்ல, தெலுங்குலயும் அ அம்மாதான். ஆ வந்ததும்தான் வழி பிரியுது. தமிழ்ப் புத்தகத்துல ஆ ஆடு. தெலுங்குல ஆ ஆவு. ஆவுன்னா மாடு. எங்க அக்கா வீட்டுல எனக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருந்ததால எனக்கு மாடுதான் மனசுல இருந்துச்சு.

டீச்சர் போர்டுல மாடு போட்டாங்க. ஆட்டுக்குப் பதிலா மாடு. நாங்க எல்லாரும் "ஆவு!"ன்னு கத்தினோம். அவங்க சிரிச்சுட்டு பக்கத்துல ஆ எழுதினாங்க. அன்னைக்குத்தான் இந்த ஸ்கூல் எனக்கும் சேர்த்துத்தான்னு பட்டுச்சு. தெலுங்கு தெரியாத ஒரு அம்மா, எங்களுக்காகக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, பாடத்தையே மாத்திப் போட்டாங்க பாருங்க. கணக்கு சார் எனக்கு எண்பத்தேழு மார்க் வாங்கிக் கொடுத்தார். இவங்க எனக்கு எழுத்தையே கொடுத்தவங்க, நாற்பது வருஷமா நான் சோறு தின்கிறது அந்த எழுத்துலதான். நோட்டுல அவங்க பேரை எழுதத் தோணல.

22.7.2024

ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கார்: பழந்தமிழ்ல ஆன்னாலே பசு, அதனால அந்த டீச்சர் போட்டது தமிழ்ப்படியும் சரிதான், ஆவின் பால்ல இருக்கிற ஆவும் அதுதான். தினம் காலையில ரெண்டு பாக்கெட் வாங்குறேன், இவ்வளவு நாளா இது தெரியாது.

அடுத்து இழை வேற பக்கம் போயிடுச்சு. இ நமக்கு இலை, அவங்களுக்கு இல்லு, அதாவது வீடு. ஈ நமக்கு ஈ, அவங்களுக்கு ஈக. ஈ மட்டும் எல்லை பார்க்காம ரெண்டு பக்கமும் மொய்க்குதுன்னு ஒருத்தர். தெலுங்கு எழுத்தைப் பூராவும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ஸ்டேஷன் போர்டைப் பார்த்தே கத்துக்கிட்டேன்னு இன்னொருத்தர். பாசஞ்சர் வண்டி அங்க நிக்கிற நேரத்துல முழுப் பேரையும் படிச்சு முடிச்சா அவங்க அப்பா கடலை மிட்டாய் வாங்கித் தருவாராம். அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஒரு விருது போடலாம்.

28.7.2024

விஷயத்துக்கு வர்றேன். ஓட்டுப் போட்டா பத்தாங்கிளாஸ்தான் ஜெயிக்கும். எல்லாருக்கும் கடைசியா பார்த்த முகம்தான் ஞாபகம் இருக்கும். மார்க் ஷீட்டும் அங்கதான் வருது. ஆறு வயசுல நடந்ததுக்கு யார்கிட்ட மார்க் ஷீட் இருக்கு? அரசாங்கத்துக்கே கொரோனாவுக்கு அப்புறம்தான் ஒண்ணு ரெண்டு மூணாம் வகுப்பு மேல கண்ணு போச்சு. எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூன்ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான், அழிஞ்சிவாக்கத்துல ஆரம்பிச்சாங்க.

என் யோசனை: நம்ம விருது ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸுக்கு மட்டும். வேற யாருக்கும் கிடையாது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, நிரந்தரமோ தற்காலிகமோ, தமிழ் மீடியமோ தெலுங்கு மீடியமோ, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி.

பி.டி. சார் ரசிகர்கள் ஆறு பேரும் கோச்சுக்கிட்டாங்க.

4.8.2024

பொன்னாடை வேண்டாம். இதுல நான் அசைய மாட்டேன். ரிட்டயர் ஆன ஒரு ஹெச்.எம். அம்மா வீட்டுல பீரோ திறந்து காட்டினாங்க, நாற்பது பொன்னாடை இருக்கும். வெயில்ல போத்த முடியாது, துவைச்சா சாயம் போகுது, கொலுப்படிக்குத்தான் விரிக்கிறாங்களாம். அம்மையார்குப்பத்துலயும் பொதட்டூர்பேட்டையிலயும் தறி ஓடுற நாட்டுல நைலான் துண்டு போத்தறது நமக்குத்தான் கேவலம்.

பணம் ஒருத்தருக்கா, ஸ்கூலுக்கான்னு சண்டை. சோலாப்பூர் மாவட்டத்து டிஸாலே சார் 2020ல உலக ஆசிரியர் பரிசு வாங்கினார், பத்து லட்சம் டாலர். பாதியை இறுதிச் சுற்றுல இருந்த மத்த ஒன்பது பேருக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டார். அதனால நம்மாளும் ஸ்கூலுக்குக் கொடுக்கணும்னு ஒருத்தர் வாதம். அண்ணே, பத்து லட்சம் டாலர்ல பாதி போனாலும் மீதி இருக்கும். பத்தாயிரத்துல பாதி போனா ஒரு மாசத்து மளிகை. அவங்க கையில கொடுங்க, எதுக்குச் செலவு பண்ணாங்கன்னு கேட்காதீங்க.

டிஸாலே கதையில நமக்கு வேண்டியது வேற இடத்துல இருக்கு. அவர் ஸ்கூல் மகாராஷ்டிராவுல, பிள்ளைங்க வீட்டுல பேசுறது கன்னடம். அவர் கன்னடம் கத்துக்கிட்டு பாடப் புத்தகத்தை அதுல மாத்திக் கொடுத்தார். பாடப் புத்தகத்துல அவர் சேர்த்த க்யூஆர் கோடு பத்திதான் பேப்பர்காரங்க எழுதினாங்க. எல்லையில படிச்ச நமக்கு முன்ன சொன்னதுதான் உறைக்கும்.

11.8.2024

"ராதாகிருஷ்ணன் எங்க ஆளு, அவர் பிறந்தநாள்ல தமிழ்நாட்டுக்காரங்க ஏன் விருது தர்றீங்க"ன்னு நகரிக்காரர் கிண்டல் பண்ணியிருக்கார். கிண்டலுக்குப் பதில்: 1888ல அவர் பிறந்தப்போ திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டம். 1911ல சித்தூர் மாவட்டம் உண்டானதும் அதுக்குள்ள போச்சு. 1953 அக்டோபர்ல ஆந்திரா தனியா பிரிஞ்சப்போ அந்தப் பக்கம் போச்சு. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வேணும்னு ம.பொ.சி. நடத்தின போராட்டம், ரெண்டு மாநிலத்து எல்லையைப் பத்தி படாஸ்கர் சொன்ன தீர்ப்பு எல்லாம் ஆகி 1960 ஏப்ரல் 1ல திரும்பி இந்தப் பக்கம் வந்துச்சு. அப்போ அவர் டில்லியில குடியரசுத் துணைத் தலைவர். குடியரசுத் தலைவரா வந்த 1962ல இருந்து செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்.

படிச்சது திருத்தணி, திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர், அப்புறம் சென்னை. அவர் பேருக்கு முன்னால வர்ற சர்வபள்ளிங்கிறது நெல்லூர்ப் பக்கத்து ஊர். அதனால ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கலாம். எங்க தாத்தா கூட வீட்டை விட்டு நகராமலே ரெண்டு மாநிலம் பார்த்தவர்தான், அவர் பேர்ல யாரும் விருது தரல.

மைசூர்ல இருந்து 1921ல ராதாகிருஷ்ணன் கல்கத்தா கிளம்பினப்போ மாணவர்கள் பூ அலங்காரம் பண்ணின வண்டியில உட்கார வெச்சு ஸ்டேஷன் வரைக்கும் கையால இழுத்துட்டுப் போனாங்கன்னு படிச்சிருப்போம். அது காலேஜ் பசங்க. அவருக்குத் திருத்தணியில முதல் எழுத்து சொல்லிக் கொடுத்தவரை யாராவது வண்டி கட்டி இழுத்தாங்களா?

18.8.2024

டீச்சரைக் கண்டுபிடிச்சுட்டேன்.

நகரியில மகன் வீட்டுல இருக்காங்க. அறுபத்தெட்டு வயசு. ரெண்டு பஸ் மாறிப் போனேன். திண்ணையில உட்கார்ந்து பேரனுக்கு ஹோம் ஒர்க் பார்த்துட்டு இருந்தாங்க. என்னைத் தெரியல. எங்க அண்ணன் பேரைச் சொன்னதும், "அவன் தம்பியா? அவன் நல்லாப் படிப்பானே"ன்னாங்க. நாற்பத்தோரு வருஷம் கழிச்சும் அதே பேச்சு.

விருது விஷயம் சொன்னேன். வேண்டாம்னு மறுப்பாங்கன்னு எதிர்பார்த்து அதுக்குப் பதில் எல்லாம் தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். "எவ்ளோ?"ன்னு கேட்டாங்க. பத்தாயிரம்னேன். "சரி, கொடு. முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு சோப்பு டப்பா கூட யாரும் கொடுத்ததில்ல."

ஏன் விண்ணப்பிக்கலன்னு கேட்டேன். "ஹெச்.எம். ஒரு தடவை ஃபைல் போடுன்னார். போட்டோ கேட்டாங்க. கிளாஸ்ல நாற்பத்தஞ்சு பேர் மூக்கு ஒழுகிட்டு உட்கார்ந்திருக்கும்போது யார் போட்டோ எடுத்தா?"

அப்புறம் நான் மாட்டுக் கதையைச் சொன்னேன். எங்களுக்காகத் தெலுங்கு விசாரிச்சு ஆவு போட்டதை மறக்கவே முடியாதுன்னு, குரல் கம்மச் சொன்னேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துட்டு இருந்தாங்க.

"டேய், நான் ஆடுதான்டா போட்டேன்."

எனக்கு வரைய வராதுடான்னாங்க. கொம்பு பெருசாப் போச்சாம், வால் நீண்டு போச்சாம். "நீங்க எல்லாரும் ஆவு ஆவுன்னு ஒரே கத்தல். எனக்கு என்னான்னே புரியல. பக்கத்து கிளாஸ் சார்தான் வந்து சொன்னார், தெலுங்குல மாடும்மான்னு. சரி, ஆ வந்துடுச்சில்ல, எதுவா இருந்தா என்னன்னு விட்டுட்டேன். அடுத்த வருஷத்துல இருந்து மாடாவே போட்டேன். அதுவும் ஆடு மாதிரிதான் இருந்துச்சு."

18.8.2024, இரவு

அந்தக் கதையை வெச்சு ஜூலை 21ல நான் எழுதினது அப்படியே இருக்கட்டும், அழிக்கல. பாதி என் கற்பனை. ஆனா திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நாற்பது பிள்ளைங்க தப்பான பதிலைக் கத்தும்போது அதட்டி ஆடுன்னு திருத்தாம விட்டாங்களே, அதுக்கு எந்த ஃபைல்ல எந்தக் கட்டத்துல மார்க் போடுவீங்க? என்னால டைப் அடிக்க முடியாது.

25.8.2024

முடிவானது: வருஷம் ரெண்டு பேர். ஓய்வு பெற்றவர் ஒருத்தர், இப்போ வேலையில இருக்கிறவர் ஒருத்தர். ஆளுக்கு 5,000 போதாதுன்னு சொல்லி ஆளுக்குப் பத்தாயிரமாவே வெச்சுட்டாங்க, பெங்களூர்ல சம்பளம் நல்லா வருது போல. இப்போ வேலையில இருக்கிறவரைத் தேர்ந்தெடுக்க விண்ணப்பம் இல்ல. மூணு பேர் ஸ்கூல் ஸ்கூலாப் போய் அம்மாக்கள்கிட்ட ஒரே கேள்வி கேட்கணும்: "உங்க பிள்ளை காலையில ஸ்கூலுக்குப் போக அழுதா, இல்லையா?" சின்னக் கேள்விதான். கறாரா மார்க் போட வராது, பாசமா இருந்துட்டு ஒண்ணும் சொல்லிக் கொடுக்காதவங்களும் இதுல ஜெயிச்சுடுவாங்கன்னு தமிழாசிரியர் சொல்றார். உண்மைதான். அதனால ரெண்டாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணைக் கூப்பிட்டு ஒரு வரி படிக்கச் சொல்லணும்னு சேர்த்தோம்.

பதினாலு ஸ்கூல்ல ஒன்பதுதான் முடிஞ்சுது. இந்த வருஷம் அவ்வளவுதான்.

5.9.2024, வியாழன்

டில்லியில இன்னைக்கு 82 பேருக்கு விருது, அதுல பள்ளி ஆசிரியர் 50. நம்ம மாநிலத்துல இருந்து ரெண்டு பேர், ஒருத்தர் வேலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி. சந்தோஷம்.

நம்ம ஊர்ல சாயங்காலம் நாலரைக்கு, ஸ்கூல் வராந்தாவுல. மைக் வேலை செய்யல. ஜூலையில "நான் எதுல சேர்த்தி"ன்னு கேட்டாங்களே, அந்தத் தற்காலிக டீச்சருக்குக் கிடைச்சிருக்கு. ஸ்கூல் ஸ்கூலாப் போன மூணு பேருக்கும் அது அவங்கதான்னு தெரியாது, எனக்கும் மேடையிலதான் தெரிஞ்சுது. கவரை வாங்கி அங்கேயே எண்ணிப் பார்த்தாங்க. எண்ணட்டுமே.

எங்க டீச்சர் பேசச் சொன்னா ரெண்டே நிமிஷம். சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு, பேனா கேட்டாங்க. மூணாவது வரியில "கற்ப்பித்தல்"னு அடிச்சிருக்கேன். ப்பை வட்டம் போட்டு, ஓரத்துல பிழைன்னு எழுதி, என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாங்க. இருபது வருஷம் டிடிபி.

8.9.2024

பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு கடை திறந்தாச்சு. கணக்கு: வரவு 26,500. விருது 20,000. ரெண்டு பேருக்கும் கைத்தறிப் புடவை, பொதட்டூர்பேட்டை, 3,400. டீ, மிக்சர், மைக் 1,850. மைக்காரருக்கு முன்னூறு பிடிச்சுட்டேன். சான்றிதழ் பிரிண்ட், ஃபிரேம் என் கணக்கு, திருத்தி அடிச்சதும் என் கணக்கு. மீதி 1,250 கையில இருக்கு.

யாரோ சொல்லச் சொல்லக் கேட்காம பொன்னாடை கொண்டுவந்துட்டாங்க. அது கடையில ஜெராக்ஸ் மெஷின் மேல தூசிக்குப் போட்டிருக்கு, வேணும்கிறவங்க எடுத்துக்கலாம்.

நோட்டு இன்னும் கவுண்டர்லதான். முதல் பக்கத்துல என் ஓட்டை அடிச்சுட்டேன். கணக்கு சாருக்கு இப்போ பத்து.